பாட்டுக் கருவியையே பயிற்சியாளராக்குவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

பாட்டுக் கேட்டுக்கொண்டே நடப்பதும் ஓடுவதும், 1979-இல் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து பரவிய பழக்கம். அந்தப் பாட்டுக் கருவியே நம் ஓட்டத்தை அளந்து சொல்லத் தொடங்கியது பிற்பாடுதான். 2006-இல் நைக்கியும் ஆப்பிளும் சேர்ந்து, காலணிக்குள் வைக்கும் ஒரு சிறிய உணரியை ஐபாட் நானோவுடன் இணைத்தபோது, ஓடுபவரின் காதில் பாட்டுக்கு நடுவே தூரமும் வேகமும் குரலாக ஒலித்தன. இன்று ஒரு செல்போனோ கைக்கடிகாரமோ மூன்று வேலைகளையும் செய்கிறது: பாட்டுப் போடுகிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது, செய்ததைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்களில் பலர், பாட்டை மாற்றவும் நேரத்தைப் பார்க்கவும் அறுந்துபோன ப்ளூடூத் இணைப்பைச் சரிசெய்யவும் வழியில் நின்று திரையைத் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம்.

பயிற்சி தொடங்கியபின் அது முடியும்வரை கருவியைத் தொட வேண்டிய தேவையே வரக்கூடாது என்பதை ஒரே அளவுகோலாக வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். அதற்கான ஏற்பாடுகள் எல்லாம் முன்கூட்டியே செய்யப்பட வேண்டியவை. இதயநோய், நெஞ்சுவலி, தலைசுற்றல் போன்ற தொல்லை உள்ளவர்களும் நெடுங்காலம் உடற்பயிற்சியே செய்யாதவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதயத்துடிப்பு இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதால், கருவி காட்டும் துடிப்பு மண்டலங்கள் (உழைப்பின் அளவைப் பிரித்துக் காட்டும் துடிப்பு எல்லைகள்) அவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

முதலில், கையில் இருப்பது எது?

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் செல்போனிலேயே தொடங்கிப் பாருங்கள். பாட்டு, வழிகாட்டும் செயலி, ஜிபிஎஸ், காலடிகளை எண்ணும் முடுக்கமானி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அதன் குறை எடையும் அளவும்தான். கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் ஒரு பக்கத் தோள் இறுகிப்போகும். தளர்ந்த பையில் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் குதிக்கும். இடுப்போடு ஒட்டி இறுகும் ஓட்டப் பட்டை ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக விரும்புபவர்களுக்கு ஸ்மார்ட்வாட்ச் உண்டு. வாங்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கடிகாரம் பாட்டைத் தனக்குள் சேமிக்கிறதா, அல்லது போனில் ஓடும் பாட்டை நிறுத்தவும் மாற்றவும் மட்டும் பயன்படுகிறதா? விலை குறைந்த பல கடிகாரங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. விளம்பரத்தில் இரண்டையும் 'மியூசிக்' என்றே எழுதியிருப்பார்கள், போன் இல்லாமல் வெளியே போன பிறகுதான் வேறுபாடு தெரியும்.

மூன்றாவது, சட்டையில் மாட்டிக்கொள்ளும் சாதாரண எம்பி3 பிளேயர். இதைப் பழைய சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. அழைப்பு வராது, அறிவிப்பு வராது, பொத்தானைக் கண்ணால் பார்க்காமலே விரலால் தடவி அழுத்தலாம். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிந்த பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைட் இடத்தையே எடுக்கும் என்பதால், 4 ஜிபி கொள்ளளவில் நான்கு நிமிடப் பாட்டுகள் ஆயிரத்தை ஒட்டி அடங்கிவிடும். ஆனால் சந்தா கட்டிக் கேட்கும் இசைச் செயலிகளில் தரவிறக்கிய பாட்டுகள் அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருப்பதால், அவற்றை இந்தப் பிளேயருக்கு மாற்ற முடியாது; கோப்பாக உங்களிடம் உள்ள பாட்டுகளே இதில் ஓடும். காலடிக் கணக்குக்கும் துடிப்புக்கும் தனியாக ஒரு கைப்பட்டை கட்டிக்கொண்டால் இந்தச் சிறிய கருவியைக் கொண்டே முழு ஏற்பாட்டையும் செய்துவிடலாம்.

நீச்சலுக்கு நிலைமை வேறு. ப்ளூடூத் அலை தண்ணீரில் சில அங்குலத்துக்கு மேல் போகாது என்பதால், பாட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் நீர்புகா ஹெட்செட்தான் அங்கே உதவும். நிலத்தில் ஓடுபவருக்கு வியர்வையைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரம் போதுமானது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் ஐபிஎக்ஸ்7 மழைக்கும் பயமில்லாதது. எந்தத் தரமானாலும் வியர்வையில் உப்பு உண்டு என்பதால், பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பிறகே இயர்போனைச் சார்ஜில் போடுங்கள்.

பாட்டுக்கு முன் திட்டம்

எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்று யோசிப்பதற்கு முன், என்ன பயிற்சி, எத்தனை நிமிடம் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். புதியவர் முதல் வாரத்திலேயே இதை எட்ட வேண்டியதில்லை, மெல்ல மெல்ல நெருங்கினால் போதும்.

ஓடத் தொடங்குபவர்களுக்கு, 1996-இல் ஜோஷ் கிளார்க் வகுத்த 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம்வரை) என்னும் ஒன்பது வாரத் திட்டத்தைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைவாக நடந்துவிட்டு, 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம் செய்ய வேண்டும். அதாவது எட்டுச் சுற்று. இத்தகைய திட்டத்துக்குக் காதில் ஒலிக்கும் குரல் ஏன் தேவை என்பது முதல் நாளே விளங்கிவிடும்: எட்டுச் சுற்றில் பதினாறு முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யாராலும் நிம்மதியாக ஓட முடியாது.

குரலையும் பாட்டையும் சேர்க்கும் இரண்டு வழிகள்

முதல் வழி செயலி. ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சியைக் குரலில் சொல்லும் செயலி ஒன்றை நிறுவி, பாட்டை வேறொரு செயலியில் ஓடவிட்டால், குரல் பேசும் நேரத்தில் மட்டும் பாட்டின் சத்தம் தானாகத் தணிந்து மறுபடி ஏறும். அமைப்புகளில் 'பாட்டைத் தணி', 'பாட்டை நிறுத்து', 'இரண்டையும் கல' என்ற மாதிரி தெரிவுகள் இருந்தால் தணிப்பதையே தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டு நின்று தொடங்கினால் கால்களின் லயம் கலைந்துவிடும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டால், கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வையுங்கள், சொல்ல வேண்டியவை கடந்த நேரமும் வேகமும் மட்டும். தூரம், கலோரி, துடிப்பு, சராசரி என்று எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டால் பாட்டைவிடப் பேச்சே அதிகமாக இருக்கும்.

இந்த வழியில் பலரைத் தடுமாற வைப்பது பேட்டரிச் சிக்கன வசதி. திரை அணைந்த சில நிமிடத்தில், பின்னணியில் ஓடும் செயலிகளைப் போன் தூங்கவைத்துவிடும். பாட்டு ஓடும், குரல் மட்டும் வராது. ஆகவே பயிற்சிச் செயலியைப் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வையுங்கள், இருப்பிட அனுமதி திரை அணைந்த பின்னும் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். வெளியே கிளம்புமுன் வீட்டுக்குள்ளேயே திரையை அணைத்துப் பத்து நிமிடம் நடந்து பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: பாட்டும் குரலும் கலந்த ஒரே கோப்பை நாமே தயாரித்துக்கொள்வது. எந்தப் பிளேயரிலும் ஓடும், இணையம் வேண்டாம், செயலி வேண்டாம். ஆடாசிட்டி என்னும் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் இதற்குப் போதும். மேலே சொன்ன முதல் வாரப் பயிற்சிக்கு, ஐந்து நிமிடத் தொடக்க நடை, 20 நிமிடச் சுற்றுகள், ஐந்து நிமிடத் தணிப்பு நடை என்று மொத்தம் 30 நிமிடம் வரும்படி பாட்டுகளை ஒரே தடத்தில் வரிசையாக அடுக்குங்கள். அதற்கு நேர் கீழே இன்னொரு தடத்தில் உங்கள் குரலைப் பதியுங்கள். ஐந்தாம் நிமிடத்தில் 'ஓடு', 6:00-இல் 'நட', 7:30-இல் 'ஓடு', 8:30-இல் 'நட' என்று கடைசிச் சுற்றுவரை போகும். பிறகு மேலே உள்ள பாட்டுத் தடத்தைத் தேர்ந்து 'ஆட்டோ டக்' என்னும் வசதியை இயக்கினால், கீழ்த்தடத்தில் குரல் வரும் இடங்களில் எல்லாம் பாட்டு தானாகத் தணியும். குரல் தடம் நேர் கீழே இல்லாவிட்டால் இது வேலை செய்யாது. இரண்டையும் சேர்த்து எம்பி3 கோப்பாக ஏற்றுமதி செய்து, 'வாரம் 1' என்று பெயர் வைத்துப் பிளேயரில் போட்டுவிடுங்கள்.

பதியும்போது கவனிக்க வேண்டிய சில நுணுக்கங்கள் உண்டு. கட்டளை ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. மூச்சு வாங்கும்போது நீண்ட வாக்கியம் காதில் ஏறாது. ஓட்டம் தொடங்குவதற்கு ஐந்து விநாடிக்கு முன் 'தயார்' என்று ஒரு குரல் கொடுத்தால் உடம்பு தன்னை அமைத்துக்கொள்ளும். நான்காம் சுற்று முடிந்ததும் 'பாதி முடிந்தது', எட்டாவது தொடங்கும்போது 'இது கடைசி' என்று சொல்லி வையுங்கள், அந்த இரண்டு இடங்களில்தான் புதியவர்களுக்கு நின்றுவிடலாமா என்று தோன்றும். வீட்டில் உள்ளவர்கள் யாராவது பேசிக் கொடுத்தால் இன்னும் நன்று. பழகிய குரலுக்குக் கால்கள் விரைவில் கட்டுப்படும்.

பாட்டின் வேகமும் காலின் வேகமும்

மிதிவண்டிப் பந்தயத்தில் வாத்தியக் குழு வாசித்த நேரத்தில் வீரர்கள் வேகமாக மிதித்தார்கள் என்று அமெரிக்கரான லெனார்ட் அயர்ஸ் 1911-இலேயே எழுதியிருக்கிறார். இலண்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தில் இத்துறையை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கோஸ்டாஸ் கராஜியோர்கிஸ், பெரும்பாலான பயிற்சிகளின்போது மக்கள் நிமிடத்துக்கு 120 முதல் 140 தாள அடி உள்ள பாட்டுகளையே விரும்புகிறார்கள் என்று காட்டியிருக்கிறார். பாட்டு நம் கவனத்தைக் களைப்பிலிருந்து விலக்குவது மிதமான உழைப்பில் நன்றாக நடக்கும். மூச்சிரைக்கும் அளவுக்கு உழைப்பு ஏறிவிட்டால் உடம்பின் குரலே ஓங்கி, பாட்டின் செல்வாக்கு குறைந்துவிடும்.

உங்கள் காலின் வேகத்தைக் கண்டுபிடிக்க, இயல்பாக ஓடும்போது வலது கால் தரையில் படுவதை 30 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 40 முறை பட்டால் நிமிடத்துக்கு 160 காலடி. அதே வேகத்தில் தாளம் உள்ள பாட்டு, அல்லது சரிபாதியான 80 உள்ள பாட்டு உங்களுக்கு ஒத்துவரும். பின்னதில் ஒரு தாள அடிக்கு இரண்டு காலடி விழும். மிதமான உழைப்பாகக் கொள்ளத்தக்க விரைவு நடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 காலடி. பாட்டின் வேகம் தெரியாவிட்டால், தாளத்துக்கு ஏற்பத் திரையைத் தட்டினால் எண்ணைச் சொல்லும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த பாட்டு சற்றே மந்தமாக இருந்தால், ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் நான்கைந்து சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், கேட்பதில் பெரிய வேறுபாடு தெரியாது.

ஓட்டமும் நடையும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் தொடக்க வாரங்களில், பாட்டின் தாளத்தைக் காலுக்குப் பொருத்த முயல வேண்டாம். குரல் 'நட' என்று சொல்லும்போது பாட்டு ஓடச் சொல்லி இழுக்கும். அந்த வாரங்களுக்கு ஒரே சீரான, மனத்துக்கு உற்சாகம் தரும் பாட்டுகள் போதும். ஓட்டம் ஐந்து நிமிடமும் அதற்கு மேலும் நீளத் தொடங்கியதும், ஓட்டப் பகுதிக்கு 160, நடைப் பகுதிக்கு 100 என்று தாளம் பார்த்து அடுக்குங்கள். அப்போது பாட்டு மாறுவதே கட்டளையாகிவிடும், குரலின் தேவையும் குறையும்.

காதின் நலம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம்; அதுவே 90 டெசிபலானால் வெறும் நான்கு மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. பயிற்சியின் உச்சத்தில் சத்தத்தைக் கூட்டத் தோன்றும் என்பதால், போனிலேயே உச்ச வரம்பை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். சாலையில் ஓடுபவர்கள் வெளிச்சத்தத்தை முழுவதும் அடைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். காதுத் துளையை மூடாத வகையும், கன்ன எலும்பு வழியே ஒலி கடத்தும் வகையும் இதற்கு ஏற்றவை. போட்டிகளில் பதிவுசெய்ய நினைப்பவர்கள் இயர்போனுக்கு அனுமதி உண்டா என்று விதிகளை முன்பே படித்துவிட்டு, இல்லையென்றால் வாரத்தில் ஒரு நாளாவது பாட்டில்லாமல் ஓடிப் பழகட்டும்.

எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்

கருவி காட்டும் எண்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. நேரத்தை முழுமையாக நம்பலாம். திறந்த வெளியில் ஜிபிஎஸ் சொல்லும் தூரத்தைப் பெரிதும் நம்பலாம், உயரமான கட்டடங்களுக்கும் அடர்ந்த மரங்களுக்கும் நடுவே அது தடுமாறும். காலடிக் கணக்கு கை அசைவைப் பொறுத்தது என்பதால், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கைப்பட்டை பல காலடிகளைத் தவறவிடும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்னும் இலக்கும், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கேய்' (பத்தாயிரம் காலடிமானி) என்ற கருவியின் பெயரிலிருந்து பரவியதே அன்றி, மருத்துவ ஆய்வில் பிறந்தது அல்ல.

இதயத்துடிப்பைக் கைக்கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அளக்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராதபடி இறுகக் கட்டினால்தான் இது சரியாக அமையும். தளர்ந்து கிடந்தால் காலடியின் அதிர்வையே துடிப்பென்று எண்ணிவிடும். மெல்லோட்டத்தில், நன்றாகப் பேச முடிகிற நிலையில், கடிகாரம் 165 என்று காட்டி அசையாமல் நின்றால், உங்கள் காலடி எண்ணிக்கையும் அதை ஒட்டியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பட்டையை இறுக்குங்கள். துல்லியம் தேவைப்படுபவர்கள் இதயத்தின் மின் துடிப்பையே உணரும் மார்புப் பட்டையை இணைத்துக்கொள்ளலாம்.

கலோரி எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 2017-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியிலோ மிகத் துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

துடிப்பு மண்டலங்களுக்கு அடிப்படையான உச்சத் துடிப்பைக் கணக்கிட, 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரமும், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் 2001-ஆம் ஆண்டுச் சூத்திரமும் வழக்கில் உள்ளன. 40 வயதில் இரண்டுமே 180 என்று ஒத்துப்போகும். 60 வயதில் ஒன்று 160, மற்றது 166. இரண்டும் சராசரிகள்தாம், தனி ஒருவருக்குப் பத்துத் துடிப்புக்கு மேல்கூட மாறலாம். இதைவிட எளிய சோதனை காதிலேயே இருக்கிறது: ஓடும் பாட்டோடு சேர்ந்து பாட முடிந்தால் உழைப்பு குறைவு, பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதம், சில சொல்லுக்கு ஒருமுறை மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் கடுமை. தொடக்க வாரங்களுக்கு இதுவே போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

முதல் நாள், வரிசைப்படி

முந்தைய இரவே எல்லாக் கருவிகளையும் சார்ஜ் செய்து, பாட்டுகளைத் தரவிறக்கி வையுங்கள். கடிகாரத்துக்குப் பாட்டை மாற்ற நேரம் பிடிக்கும், கிளம்பும் அவசரத்தில் அது நடக்காது. ஜிபிஎஸ்ஸும் ப்ளூடூத் பாட்டும் சேர்ந்து ஓடினால் கடிகாரத்தின் பேட்டரி வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மறுநாள் முதலில் இயர்போனை இணைத்துவிட்டுப் பிறகு செயலியைத் திறங்கள். மாற்றிச் செய்தால் சில போன்களில் குரல் வெளி ஸ்பீக்கரில் ஒலிக்கும். 'தொந்தரவு செய்யாதே' வசதியை இயக்கி, நெருங்கியவர்களின் அழைப்புக்கு மட்டும் விலக்கு வையுங்கள். பாட்டைத் தொடங்கிச் சத்தத்தை அமைத்து, வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வந்ததும் ஜிபிஎஸ் இடத்தைப் பிடிக்கும்வரை நில்லுங்கள், அதற்கு முன் தொடங்கினால் முதல் சில நூறு மீட்டர் பதிவில் தாறுமாறாக வரும். பிறகு திரையைப் பூட்டிவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

பதிவுகளைப் பேணுதல்

போனும் கடிகாரமும் ஒரே நடையைத் தனித்தனியாக எண்ணும். இரண்டையும் ஆப்பிள் ஹெல்த், ஹெல்த் கனெக்ட் போன்ற பொதுக் களஞ்சியத்தில் இணைக்கும்போது எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று அமைக்காவிட்டால், சில செயலிகளில் கணக்கு இரட்டிப்பாகத் தெரியும். எண்களோடு அன்றைய உடல்நிலையையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். 'தூக்கம் போதவில்லை, கால் கனத்தது' என்ற குறிப்பு, ஒரு மாதம் கழித்து வரைபடத்தின் பள்ளத்தை விளக்கும்.

ஓடும் பாதைகளைப் பொதுவில் பகிரும் செயலிகளில் உங்கள் வீட்டு வாசலே தொடக்கப் புள்ளியாகத் தெரியும். ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஓடிப் பயிற்சி செய்த வீரர்களின் தடங்கள் இராணுவ முகாம்களின் அமைப்பையே காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. ஆகவே கணக்கைத் திறந்த அன்றே பதிவுகள் உங்களுக்கு மட்டும் தெரியும்படி அமைத்து, தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியை இயக்குங்கள். பின்னாளில் வேறு செயலிக்கு மாற நினைத்தால், பழைய கணக்கை மூடுவதற்கு முன் பதிவுகளை ஜிபிஎக்ஸ் அல்லது ஃபிட் கோப்புகளாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அவற்றை மீட்பது பெரும்பாலும் நடவாது.